குழாயும் குடவோலையும்

சென்னையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டையில் தொடங்குவதே வழக்கம். நகரத்தாரின் நாவறட்சியை எழுதியோர் சிலரே. ஆயினும் இந்நகரில் குடியாட்சி வளர்ந்ததையும் தளர்ந்ததையும் அதன் தண்ணீரில் தெளிவாகக் காணலாம்.

1688இல் மாநகராட்சி பிறந்தது உரிமை வழங்கும் எண்ணத்தால் அன்று. வரி கொடுக்கத் தயங்கிய ஊராரிடம், ஊராரையே அவையில் அமர்த்தினால் வரி பெறலாம் என்பது கும்பெனியாரின் கணக்கு. 1772இல் தோண்டப்பெற்ற ஏழு கிணறுகளின் நீரும் கோட்டைக்கே சென்றது. ஊருக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. நூறாண்டு கழித்து, 1872இல், கொசத்தலையாற்று நீர் புழலேரி வழியே திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்தது. அதனை வடிகட்டி வழங்கும் நிலையம் அமைந்ததோ 1914இல்.

1939இல் மேயரான தீரர் சத்தியமூர்த்தி, ஒரே ஆண்டுப் பதவிக் காலத்தில் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்திற்கு வழி திறந்தார். உலகப் போர் மூண்டிருந்த வேளை அது. எந்த அரசை வெளியேறச் சொல்லி மேடைதோறும் முழங்கினாரோ, அதே அரசின் ஆளுநரிடம் நகரின் தாகத்திற்காக வாதாடி இசைவு பெற்றார். 1940இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1942இல் அவர் சிறை சென்றார். உடல் நலிந்து 1943 மார்ச்சில் மறைந்தார். 1944இல் பூண்டியில் நீர் தேங்கியபோது அதைக் காண அவர் இல்லை. வாக்குரிமை சிலருக்கே வாய்த்திருந்த அக்காலத்து அவையே இதைச் சாதித்தது என்பது எண்ணத்தக்கது.

அனைவரும் வாக்குப் பெற்ற பின்னரோ அவையே இல்லாது போயிற்று. 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. அவ்விடைவெளியில், 1978இல், குடிநீர்ப் பொறுப்பு மாநகராட்சியிடமிருந்து ஒரு வாரியத்திற்கு மாறியது. 'வாரியம்' என்னும் சொல் ஈண்டு உற்று நோக்கத்தக்கது. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் ஏரி வாரியத்தார் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்றவர்கள். சென்னைக் குடிநீர் வாரியத்தாரோ அரசால் அமர்த்தப்பெறுவோர். சொல் பிழைத்தது; ஓலை தொலைந்தது.

1996இல் மாமன்றத் தேர்தல் மீண்டும் நடந்தது. கிருஷ்ணை நீர் தமிழக எல்லையைத் தொட்டதும் அவ்வாண்டிலேயே. பூண்டிதான் அதனையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் 2016இல் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் ஐந்தாண்டுகளுக்கு மேல் மாமன்றத் தேர்தல் இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. சோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்தது. காலிக்குடத்துடன் தெருவில் நின்ற பெண்கள் முறையிட, வட்டத்திற்கு ஓர் உறுப்பினரும் இலர்.

2022இல் மாமன்றம் மீண்டும் கூடியது. முதன்முறையாகத் தலித் பெண் ஒருவர், ஆர். பிரியா, மேயர் இருக்கையில் அமர்ந்தார். குடிநீர்ப் பொறுப்பு மட்டும் வாரியத்திடமே இருந்தது.