போரை நடித்தவர்கள்

ஒரு கேலிப்படத்தின் வழியாகப் போர் வரலாற்றுக்குள் நுழைவது நம் வழக்கமன்று. ஆயினும் பென் ஸ்டில்லர் இயக்கி நடித்து 2008இல் வெளிவந்த 'டிராபிக் தண்டர்' அப்படியொரு வழியைத் திறந்துவிடுகிறது. வியட்நாம் போரைப் படமாக்க வந்த நட்சத்திரங்கள் கானகத்தில் இறக்கிவிடப்படுகின்றனர். மெய்யான போதைப்பொருள் கும்பலொன்று சுடத் தொடங்கிய பின்னும், மறைத்துவைத்த காமிராக்கள் தன்னைப் படம்பிடிப்பதாகவே நம்பி நடித்துக்கொண்டிருக்கிறான் தலைமை நடிகன்.

இச்சிரிப்பின் வேர் இருபதாண்டுகள் முற்பட்டது. 1987இல் வெளியான ஸ்பீல்பெர்க்கின் 'எம்பயர் ஆஃப் தி சன்' படத்தில் ஸ்டில்லர் சிறு வேடமேற்றிருந்தார். அக்காலத்தில் போர்ப்படங்களுக்காகப் படைமுகாம் பயிற்சி பெற்றுத் திரும்பிய நடிகர்கள், போருக்கே போய்வந்தவர்கள்போல் பேசியதை அவர் கேட்டிருந்தார். 1986இல் வந்த 'பிளட்டூன்' படத்துக்காக, வியட்நாமில் போரிட்ட டேல் டை, நடிகர்களைப் பிலிப்பைன்ஸ் காட்டில் குழி வெட்டவும் இரவில் விழித்துக் காவல் காக்கவும் வைத்தார். திரையில் அதற்குப் பயன் இருந்தது. களைப்பைத் தியாகமென்று எண்ணிக்கொண்டதே பிழை.

அதே பிலிப்பைன்ஸில்தான் 1976இல் கொப்போலா 'அபோகாலிப்ஸ் நவ்' படப்பிடிப்பைத் தொடங்கினார். புயல் அரங்குகளை அழித்தது. மறு ஆண்டு நாயகன் மார்ட்டின் ஷீனுக்கு மாரடைப்பு வந்தது. 1979இல் கான் விழாவில், தம் படம் வியட்நாமைப் பற்றியதன்று, அதுவே வியட்நாம் என்றார் கொப்போலா. ஸ்டில்லரின் கேலி இந்தப் பெருமிதத்தையே குறிவைக்கிறது. அவர் படத்தில், இரு கைகளையும் போரில் இழந்ததாக நினைவுக்குறிப்பு எழுதியவர் வியட்நாமையே காணாதவர். கைகளும் நலமாகவே இருக்கின்றன.

ஆனால் கொப்போலாவின் படப்பிடிப்பை மெய்யான போர் தொடாமல் விடவில்லை. மார்கோஸ் அரசு இரவல் தந்த ஹெலிகாப்டர்கள், உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களை ஒடுக்குவதற்காகப் படப்பிடிப்பின் நடுவிலேயே திருப்பி அழைக்கப்பட்டன. திரையில் வியட்நாமியக் கிராமத்தைத் தாக்கிய அதே படையின் ஊர்திகள், வெளியே மற்றொரு ஆசிய நாட்டின் மக்கள்மீது பறந்தன. இபுகாவ் பழங்குடியினர் இந்தோசீன மலைமக்களாக நடித்தனர். ஆசியர் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நின்றால் போதுமென்று அன்றைய திரை எண்ணியது.

'டிராபிக் தண்டர்' இதைக் கடந்ததா? இல்லையென்றே சொல்ல வேண்டியுள்ளது. அதன் காடு ஹவாயின் காவாய் தீவு. அதில் ஆசியர் மறுபடியும் எதிரிக் கும்பலாகவே வருகின்றனர். நடிகரின் தற்பெருமையைக் கூர்மையாக நையாண்டி செய்த படத்துக்கும் வியட்நாமியர் ஒருவரைப் பேசவைக்கத் தோன்றவில்லை. வாய்விட்டுச் சிரித்த பிறகு நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது அந்த விடுபடலைத்தான்.