காலி தீப்பெட்டி, ரெண்டு பேட்டரி... குட்டீஸுக்கு வீட்டிலேயே கரன்ட் பாடம்!

சிவகாசி பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் நுழையும் முன், வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவது வழக்கம். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லையென்றால், மருந்து பற்றிக்கொள்ள ஒரு சின்னப் பொறியே போதும்.

'ஏன் தொடுறாங்க?' என்று உங்க வீட்டு வாண்டு கேட்டா என்ன சொல்வீங்க? கரன்ட்டுக்கு ஒரு பாதை வேணும் என்பதை வாயால் சொல்வதைவிட, கையால் செய்ய வைப்பது ஈஸி.

என்னென்ன வேணும்?

பென்சில் பேட்டரி 2, வெள்ளை எல்.இ.டி பல்பு 1, முனை சீவிய வயர் துண்டு 3, உலோக டிராயிங் பின் 2, ஜெம் கிளிப் 1, காலி தீப்பெட்டி 1, செல்லோ டேப்.

எப்படிச் செய்யறது?

* ஒரு பேட்டரியின் பிளஸ், இன்னொன்றின் மைனஸைத் தொடுற மாதிரி வரிசையாக வைத்து டேப் ஒட்டுங்க. இப்போ 3 வோல்ட் ரெடி.
* பிளஸ் முனையிலிருந்து ஒரு வயரை எல்.இ.டி-யின் நீளமான காலுக்குக் கொடுங்க.
* தீப்பெட்டியில் ரெண்டு பின்னையும் சற்றுத் தள்ளிக் குத்துங்க. எல்.இ.டி-யின் குட்டைக் காலிலிருந்து ஒரு வயர் முதல் பின்னுக்கு. இரண்டாவது பின்னிலிருந்து கடைசி வயர் பேட்டரியின் மைனஸுக்கு.
* ஜெம் கிளிப் ரெண்டு பின்னையும் தொட்டால் பல்பு எரியும். எடுத்தால் அணையும். சுவிட்ச் செய்யும் வேலையும் இதேதான்!

அடுத்து, கிளிப்புக்குப் பதிலாக ஸ்பூன், ரப்பர், பிளாஸ்டிக் ஸ்கேல் என ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லுங்க. எது எரிய வைக்கும் என்று முதலில் ஊகிக்கட்டும். கடத்தி எது, கடத்தாப்பொருள் எது என்பது தானா புரியும்.

எரியலையா? எல்.இ.டி-யைத் திருப்பி மாட்டச் சொல்லுங்க. அது ஒரு பக்கமாக மட்டுமே கரன்ட்டை விடும்.

இதெல்லாம் கூடவே கூடாது!

பேட்டரியின் ரெண்டு முனையையும் வெறும் வயரால் இணைத்தால் ஷார்ட் சர்க்யூட். வயர் சூடாகிக் கையைச் சுடும். பிளக் பாயின்ட் பக்கமே போகக் கூடாது. பட்டாசு, மருந்து, தீக்குச்சி இருக்கும் இடத்தில் இந்தச் சோதனையே வேண்டாம். நம்ம ஊர்ல இதைக் கூடுதல் கண்டிப்போடு சொல்லணும்.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை இப்படிச் செய்து பார்த்துக் கற்க, 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. உங்க பிள்ளை அங்கே என்ன செஞ்சதுன்னு இன்னைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்க. வீட்டில் பல்பு எரியலைன்னா உடனே நீங்களே சரிபண்ணிக் கொடுத்துடாதீங்க. பாதை எங்கே அறுந்திருக்குன்னு அதுவே தேடட்டும்.