முடிச்சு அளந்த வேகம்

நடுக்கடலில் மைற்கற்கள் இல்லை. கடந்த தூரத்தைத் தவறாகக் கணித்த மாலுமி இருளிற் பாறையில் மோதி மாள்வான். ஆதலின் பாய்க்கப்பற் காலத்து மாலுமிகள், பலகைத் துண்டொன்றைக் கயிற்றிற் கட்டிக் கடலில் எறிந்தனர். பலகை நீரில் நிற்கக் கப்பல் முன்செல்லும், கயிறு அவிழ்ந்தோடும். பிற்கால வழக்கில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. மணற்கடிகை வடியும் 28 விநாடியிற் கைகடந்த முடிச்சுகள் எத்தனையோ, மணிக்கு அத்தனை கடல்மைல் வேகம்.

கடல்மைல் என்பது அகலக்கோட்டின் ஒரு பாகையில் அறுபதில் ஒரு கூறு. ஆகவே கடற்படத்தின் ஓரத்துப் பாகைக்கோடே தூரத்தையும் காட்டிற்று. 1929இல் மொனாக்கோ மாநாடு அதனை 1852 மீற்றர் என வரையறுத்தது. பாகைகொண்டே வழிகண்ட வானோட்டிகளும் அவ்வளவையை ஏற்றனர். கயிறும் கடிகையும் மறைந்தன. முடிச்சு என்னும் பெயர் நிலைத்தது.