மரப்பட்டை லைக்கன்களும் பாரிசின் காற்றும்

பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கனுக்கு வேர் கிடையாது. மழையையும் காற்றையும் நம்பியே மரப்பட்டையில் வளர்வதால், காற்றிலுள்ள நஞ்சும் அதனுள் சேர்கிறது.

பின்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் நைலாண்டர் பாரிசின் லக்சம்பர்க் பூங்கா லைக்கன்களை ஆராய்ந்து 1866இல் கட்டுரை வெளியிட்டார். நகரின் பிற பகுதிகளில் காணப்படாத இனங்கள் அங்கிருந்தன. காற்றின் தூய்மையை இவை அளந்து காட்டுகின்றன என்றார். லைக்கன் இரு உயிரிகளின் கூட்டு என்ற சுவெண்டனரின் கருத்தை மட்டும் அவர் கடைசிவரை ஏற்கவில்லை என்பது வியப்பே!

1896இல், அப்பூங்காவின் லைக்கன்கள் மறைந்துவிட்டதையும் அவரே பதிவு செய்தார். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டைஆக்சைடு லைக்கன்களை அழிக்கக்கூடியது. கந்தகப் புகை குறைந்தபின், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பூங்கா மரங்களில் லைக்கன்கள் மீண்டும் படர்ந்தன.