இயக்குதளங்களில் லீப் நொடி

லீப் நொடி என்பது, அணுக் கடிகாரங்களைக் கொண்டு கணிக்கப்படும் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரம் புவியின் சுழற்சி நேரத்திலிருந்து 0.9 நொடிக்கு மேல் விலகாதிருக்கச் சேர்க்கப்படும் கூடுதல் நொடி ஆகும். 1972 முதல் 2016 வரை 27 லீப் நொடிகள் சேர்க்கப்பட்டன. கணினி இயக்குதளங்கள் இதனைப் பல்வேறு முறைகளில் கையாளுகின்றன.

இந்தியாவில்

லீப் நொடி அனைத்துலக நேரப்படி நள்ளிரவில் சேர்க்கப்படுவதால், இந்திய சீர் நேரப்படி அது காலை 05:29:60 ஆக அமைகிறது. கடைசி லீப் நொடியை 2017 சனவரி 1 அன்று காலை புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்திய நேரத்தில் சேர்த்தது. உள்ளூர் நள்ளிரவில் இதனை எதிர்பார்க்கும் நிரல் இங்கு பிழைபடும்.

கையாளும் முறைகள்

யுனிக்சு வழிவந்த இயக்குதளங்கள் 1970 சனவரி 1 முதலான நொடிகளை எண்ணுகின்றன. இவ்வெண்ணிக்கையில் ஒரு நாளுக்கு எப்போதும் 86,400 நொடிகளே. 86,401-ஆவது நொடிக்கு இடமில்லை. எனவே லினக்சு கருனி தன் கடிகாரத்தை ஒரு நொடி பின்னோக்கி வைக்கிறது. அதாவது 05:29:59 இருமுறை வருகிறது. முதல் முறை 59.8 நொடியில் ஒரு கணக்கில் பணம் செலுத்தி, இரண்டாம் முறை 59.2 நொடியில் எடுத்தால், பதிவேட்டில் எடுத்தது முன்னதாகவும் செலுத்தியது பின்னதாகவும் தோன்றும். வங்கித் தரவுத்தளங்களுக்கு இது சிறிய சிக்கல் அன்று.

பழைய விண்டோசு பதிப்புகள் லீப் நொடியைப் பொருட்படுத்தாமல், அடுத்த முறை நேர வழங்கியுடன் ஒப்பிடும்போது திருத்திக்கொண்டன. 2018-இல் வெளியான விண்டோசு 10 பதிப்பிலிருந்து இதற்கான ஆதரவு உண்டு. கூகுள் நிறுவனமோ அந்த ஒரு நொடியைப் பல மணி நேரத்திற்குப் பரப்பி, ஒவ்வொரு நொடியையும் மிகச் சிறிதளவு நீட்டுகிறது. கடிகாரம் பின்செல்லாததால் இம்முறை பாதுகாப்பானது; எனினும் அவ்வேளையில் காட்டப்படும் நேரம் சற்றே பிழையானது.

2012 நிகழ்வு

2012 சூலை 1 அன்று லினக்சு கருனி நொடியைச் சேர்த்தது. ஆனால் அதன் நுண்நேரங்காட்டிப் பகுதிக்கு அம்மாற்றம் தெரிவிக்கப்படவில்லை. அப்பகுதி ஒரு நொடி முன்னே ஓடியதால், ஒரு நொடிக்கும் குறைவாகக் காத்திருக்க வேண்டிய நிரல்கள் உடனுக்குடன் விழித்தெழுந்து மையச் செயலகத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டன. ரெடிட் முதலிய தளங்கள் முடங்கின. குவாண்டசு விமானப் பயணிகளின் பதிவு தாமதமானது. கணினியின் நேரத்தை அதே நேரத்திற்கு மீண்டும் ஒருமுறை அமைத்ததே இதற்குப் போதிய தீர்வாக இருந்தது.

எதிர்காலம்

அனுமதிக்கப்படும் விலகலின் வரம்பை 2035-க்குள் உயர்த்துவதென 2022 நவம்பரில் எடைகள் மற்றும் அளவைகளுக்கான பொது மாநாடு முடிவு செய்தது. அதற்கு முன் புவியின் சுழற்சி போதிய அளவு விரைவுற்றால், ஒரு நொடியை நீக்க வேண்டி வரலாம். அத்தகைய எதிர்ம லீப் நொடி இதுவரை ஒருமுறையும் நடைமுறைக்கு வந்ததில்லை.