புத்தளம் கொடுத்த இடம்

அகதிப் பிள்ளைகள் என்றால் நம்மில் பலருக்குப் பாலஸ்தீனமும் ரோஹிங்கியாவும்தான் நினைவுக்கு வரும். நம் மொழி பேசும் முஸ்லிம்களே அகதிகளாகப் போய் நின்ற ஊர் இலங்கையின் புத்தளம். கருவாடு இறக்குமதியில் எனக்குப் பழக்கமான கற்பிட்டி நானா ஒருவர் சொன்ன பிறகுதான் நான் இதைத் தேடிப் படித்தேன்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30 அன்று கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். மன்னார்த் தீவு மக்கள் படகுகளில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பெரும்பாலோர் தங்கியது புத்தளம் மாவட்டத்தில்தான்.

அவர்களுக்கு முதலில் சோறு போட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள். தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள். பல பள்ளிக்கூடங்களில் காலையில் ஊர்ப் பிள்ளைகளும் பிற்பகலில் வந்த பிள்ளைகளும் படித்தார்கள். பாடம் நடத்திய ஆசிரியர்களில் பலரும் வீடிழந்து வந்தவர்களே.

சில மாதங்கள்தானே என்று எல்லோரும் நினைத்தார்கள். அது இருபது வருடத்தை நெருங்கியது.

சிக்கல் கூலியில் ஆரம்பித்தது. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களில் வந்தவர்கள் குறைந்த கூலிக்கும் வேலைக்கு இறங்கினார்கள். பிழைக்க வேறு வழி இல்லை. உள்ளூர்க் கூலிக்காரருக்கு வேலை போனது. அரசாங்க உலர் உணவோ முகாமில் இருந்தவர்களுக்குத்தான். பக்கத்துக் குடிசையில் அதே வறுமையில் இருந்த உள்ளூர்க்காரர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வியாபாரி என்பதால் எனக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் புரிந்தது. ஆனாலும், இங்கே நிவாரண நிதிக்கு எத்தனையோ முறை பணம் போட்டிருக்கிறேன், அகதிகளுக்கு இடம் கொடுத்த ஊரின் கிணற்றில் தண்ணீர் போதுமா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அந்த மனக்கசப்பு பிள்ளைகளிடமும் இறங்கியது. கூட ஓதிய மன்னார்ப் பையனைத் தானும் "அகதி" என்றே கூப்பிட்டதாக நானா வெட்கத்தோடு சொன்னார். பிறகு அந்தப் பையனின் தங்கையைத்தான் நிக்காஹ் செய்தார்! "இப்ப வீட்டில நான் அந்தச் சொல்லைச் சொன்னா சோறு கிடைக்காது தம்பி" என்று சிரிக்கிறார்.

2007இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம், வந்தவர்களுக்கு வீடு கட்டியதோடு அவர்களுக்கு நடுவே வாழ்ந்த உள்ளூர் மக்களின் குடிநீர்த் தேவையையும் கணக்கில் எடுத்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் வந்து சேர 17 ஆண்டுகள் ஆயின. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இந்த மக்களின் இழப்பை நெடுங்காலம் ஆராய்ந்து எழுதினார். அவரும் மன்னார் மாவட்டத்துக்காரர்தான்.

2009இல் போர் முடிந்ததும் சிலர் வடக்கே திரும்பினார்கள். நானாவின் மாமனாரும் மன்னாருக்குப் போய், கூரையில்லாத தன் வீட்டைப் பார்த்தார். காணியைச் சுத்தம் செய்து வேலி போட்டார். பிறகு புத்தளத்துக்கே பஸ் ஏறிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது.