ரத்னாவுக்குத் தெரியாதா?

சின்னத்திரையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எழுதியவரையும் எடுத்தவரையும் நடித்தவரையும் பற்றி எழுதுகிறார்கள். பார்த்தவர்களைத் தேடிப் போவது அரிது. அதிலும், கை ஒரு வேலையில் இருக்கக் கண் திரையில் இருந்த பெண்களிடம் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. 'விடாது கருப்பு' பற்றிச் சங்கரன்கோவிலில் எங்கள் தெருப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். போன வருஷம் என் சித்தி இறந்த பிறகு இனித் தள்ளிப்போடக் கூடாது என்று பட்டது. இங்கே எழுதுவது என் நினைவு. அன்று என்னோடு உட்கார்ந்திருந்த பெண்களிடம் இப்போது கேட்டுச் சரிபார்த்த நினைவு.

1997-98இல் சன் டிவியில் வந்த தொடர் அது. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரித்த 'மர்மதேசம்' வரிசையில் ஒன்று. கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. தோட்டக்காரமங்கலம் என்ற ஊரில் தப்பு செய்கிறவர்களைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள். வருவது சாமியா, ஆளா? இதுதான் மர்மம்.

துப்பறியும் கதை என்றால் கூர்மையான மூளையுள்ள ஓர் ஆண் வருவார், தடயம் பார்ப்பார், கடைசியில் எல்லோரையும் நிறுத்திவைத்து விளக்குவார் என்று பழகியிருந்தோம். இந்தத் தொடரை அப்படி ஒரு துப்பறிவாளர் தாங்கி நடத்தவில்லை. ஒரு சிறுவனின் கதையும், ரத்னா-ராஜேந்திரன் என்ற இளம் தம்பதியின் கதையும் மாறி மாறி வந்தன. இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிறுவன் வளர்ந்துதான் ராஜேந்திரன் என்பது பிறகுதான் விளங்கியது. கருப்பாக வந்தவனும் அவனே. அவனுக்கே தெரியாமல் அவனுக்குள் இன்னொருவன் இருந்தான். கைது செய்வதை விட, நோய்க்குப் பெயர் சொல்வதில்தான் மர்மம் அவிழ்ந்தது.

நாங்கள் பார்த்தது பக்கத்து வீட்டு மதினியின் முன்கட்டில். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருப்போம். பாதிப் பேர் மடியில் சொளவு, அதில் பீடி இலையும் தூளும். சிலர் தறிக்காரர் வீட்டுப் பெண்கள். பகலெல்லாம் தார் சுற்றிவிட்டு வந்து சுவரில் சாய்வார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு வாரம் பார்த்ததை அடுத்த வாரம் வரைக்கும் பீடி சுற்றிக்கொண்டே அலசுவார்கள். யார் கருப்பு என்று பந்தயம்கூட நடந்தது. ஒரு கட்டு பீடி பந்தயப் பொருள்.

முடிவு தெரிந்த மறுநாள் முதலில் கோபப்பட்டவள் என் ஆச்சி. "சாமியக் கொண்டுபோயி ஆஸ்பத்திரியில சேத்துட்டானுவளே" என்றாள். கருப்பசாமிக்கும் சுடலைமாடனுக்கும் கொடை கொடுக்கிற ஊர்கள் சூழ்ந்த பக்கம் இது. அவளுக்கு அது ஏமாற்று.

இன்னொரு பெண் ஆச்சியை மறுத்தாள். எங்கள் ஊர்க் கோவிலில் சிவனும் திருமாலும் ஒரே உடம்பில் நிற்கிறார்கள். வலப்பாதி சங்கரன், இடப்பாதி நாராயணன். யார் பெரியவர் என்று சங்கன், பதுமன் என்ற நாகர்கள் சண்டை போட, இருவரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று தவம் செய்தவள் கோமதி அம்மன். ஆடித்தபசு அதற்குத்தான். "ஒரு ஒடம்புல ரெண்டு பேரு இருக்கது நமக்குப் புதுசா ஆச்சி?" என்று அவள் கேட்டதும் எல்லோரும் சிரித்தோம்.

மதினியின் குறை வேறு. "ரத்னாவுக்குத் தெரியாதா? ராத்திரி குதிரையில போயிட்டு வந்தவன் சட்டைய யாரு தொவைச்சா? வாடை அடிக்காதா? செருப்புல மண்ணு இருக்காதா? கதை எழுதுனவரு துணி தொவைச்சவரு இல்ல." ரத்னாவாகத் தேவதர்ஷினியும் ராஜேந்திரனாகச் சேத்தனும் நன்றாக நடித்தார்கள் என்பதில் மதினிக்குச் சந்தேகம் இல்லை. ஒரு வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்பது துவைக்கிறவளுக்கும் பெருக்குகிறவளுக்கும் தெரியாமல் போகாது என்பதே அவள் கட்சி. அதைவிட நல்ல துப்பறியும் பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

தமிழில் துப்பறியும் கதைக்கும் வீட்டுப் பெண்களுக்கும் உறவு பழையது. 115 நாவல்கள் எழுதிய வை.மு. கோதைநாயகி, எழுதத் தொடங்குமுன் சுற்றியிருந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர். துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்தார். மர்மம் படிப்பதும் அவிழ்ப்பதும் ஆண்களின் பொழுதுபோக்கு என்று அன்றும் இல்லை. ஆனால், கேட்ட பெண்கள் என்ன சொன்னார்கள் என்பது நமக்கு மிஞ்சவில்லை.

இனி என் சித்தி. அவள் அந்தக் கூட்டத்தில் கதவோரமாக உட்கார்ந்திருப்பாள்; பேசமாட்டாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு சாப்பாடும் தூக்கமும் போய், பிள்ளையைத் தூக்காமல், காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தவளைப் பேய் பிடித்ததாகச் சொல்லிப் புகுந்த வீட்டில் கோடாங்கியிடம் கொண்டுபோனார்கள். வேப்பங்குலையால் அடித்தார்கள், முடியைப் பிடித்துச் சுற்றினார்கள். பிறகு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கோமதி அம்மன் சன்னிதிக்கு முன்னால் சக்கரக்குழி இருக்கிறது. மனம் கலங்கியவர்கள் அதில் உட்கார்ந்தால் தெளியும் என்பது நம்பிக்கை. ஆச்சி அவளை அங்கே கூட்டிப்போவாள். "அங்க இருக்கும்போது யாரும் என்னைய ஏவமாட்டாவ, அதான் எனக்குப் புடிக்கும்" என்று சித்தி பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

முடிவு வந்த மறுநாள், எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு, அவள் கேட்டது ஒரே கேள்வி: "அவனுக்கு வந்தா சீக்கு. எனக்கு வந்தா பேயா?"

சொளவில் ஓடிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

பெண்ணுக்கும் எங்கள் பக்கம் சாமி வரும். கொடைநாளில் வந்தால் விபூதி வாங்குவார்கள். சாதாரண நாளில், சமையல் நின்றுபோகிற விதமாக வந்தால் அது பேய். தொடரின் கதையிலோ ஆள்களைத் தண்டித்த ஆணுக்கு ஒரு பால்யம் கிடைத்தது, ஒரு நோய்ப்பெயர் கிடைத்தது, பார்த்தவர்களின் இரக்கமும் கிடைத்தது. யாரையும் தொடக்கூட இல்லாத சித்திக்கு வேப்பங்குலை கிடைத்தது. தொடரை எடுத்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும், ஆவேசத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கலாம் என்ற செய்தியை முன்கட்டு வரைக்கும் கொண்டுவந்தது அந்தத் தொடர்தான்.

இரண்டு மாதம் கழித்து ஆச்சி அவளைத் திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். 'சாமிய ஆஸ்பத்திரியில சேத்துட்டானுவ' என்று திட்டிய அதே ஆச்சி. பீடிக் கூலியில் சேர்த்த காசு. பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு, நாளாகிவிட்டதால் முற்றியிருக்கிறது, மாத்திரையில் சரியாகும் என்றாராம் மருத்துவர். சரியாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. செவ்வாய், வெள்ளிகளில் கோவிலுக்குப் போவதையும் ஆச்சி நிறுத்தவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியையும் மதினி வீட்டு முன்கட்டில்தான் பார்த்தோம். "என்னையும் எங்கயாச்சும் கட்டிப் போட்டுரணும்னுதான் அந்த வீட்டுல பேசிக்கிட்டாவ" என்றாள் சித்தி. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. சித்திக்கு அதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இத எழுத இவ்வளவு நாளா?" என்றாள்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானபோது, பலரும் அந்தத் தொடர் தங்களை எப்படிப் பயமுறுத்தியது என்று நினைவுகூர்ந்தார்கள். எனக்கு நினைவு வந்தது பயம் இல்லை, மதினியின் கேள்விதான். கூடவே இருந்தும் ரத்னாவுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று நாங்கள் எல்லோரும் ஒரு வாரம் வாதாடினோம். கூடவே இருந்த சித்தப்பாவுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று அன்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.